நாலாவது பாட்டில் ஓர் உறுமல்

நேற்று ஒரு ராக் குழுவின் புது ஆல்பத்துக்கு இங்கே விமர்சனம் எழுதியிருந்தேன் அல்லவா? நாலாவது பாட்டு முழுக்க அடியில் ஓர் உறுமல் ஓடுகிறது, கேட்டால் தலை வலிக்கிறது என்று.

ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள். “உனக்குக் காது இருக்கா?” என்றார் ஒருவர். “அந்த உறுமல்தான் இந்த ஊரோட வலி, உனக்கெல்லாம் புரியாது” என்று இன்னொருவர் ஒரு பக்கத்துக்கு விளக்கினார்.

இன்று மத்தியானம் எங்கள் பபேடான் பேட்டை டீக்கடையில் ஸ்டெல்லா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அந்தக் குழுவின் ரசிகர் பக்கத்தை நடத்துபவள். நலம்கூட விசாரிக்காமல் இயர்போனை நீட்டினாள்.

“கேளுங்க, கோ அந்தோணி. எங்க உறுமுது?” பர்மிய வழக்கில் ‘கோ’ என்றால் அண்ணன்.

முழுப் பாட்டையும் கேட்டேன். உறுமலே இல்லை. பாவம், நல்ல பாட்டு.

“நீங்க எப்பக் கேட்டீங்க?”

“நேத்து. இந்தப் பாட்டு ஓடுறப்பதான் கரண்டு போயிருந்துச்சு.”

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உறுமியது எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையின் ஜெனரேட்டர்.

வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு, திருத்தம் போடுவதாகச் சொன்னேன். ஸ்டெல்லா பதறினாள்.

“ஐயோ, வேணாம்! அந்த உறுமலுக்காக எங்காளுங்க உங்களோட அவ்ளோ சண்டை போட்டிருக்காங்க. இப்ப அது ஜெனரேட்டருன்னா மூஞ்சிய எங்க வெச்சுக்குவாங்க?”

ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து திருத்தம் போட்டேன்.

டீ ஆறுவதற்குள் முதல் பதில் வந்தது: “ஜெனரேட்டராம்! எனக்கு இன்னிக்கும் அந்த உறுமல் தெளிவாக் கேக்குது. நீ மொதல்ல நல்ல டாக்டரப் பாரு.”

பார்க்கலாம் என்றுதான் இருக்கிறேன். காதுக்கு யாராவது நல்ல டாக்டர் தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.