பாதியில் பாதி

என் அம்மா சாரதாம்பாள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனாலும் ஒரு கணக்கைச் சாகும்வரை விடவில்லை. சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா கருணாகரன். கஜா பேராங் என்ற மலாய் நாட்டு ஊரில் தமிழ்ப்பள்ளி வாத்தியார். விதியை ஒப்பிக்கிற பிள்ளையைவிட ‘ஏன்’ என்று கேட்கிற பிள்ளைதான் அவருக்குச் செல்லம்.

பின்னம் நடத்தும்போது வகுப்பில் சுவரை நோக்கி நடப்பாராம். பாதி தூரம் போய் நிற்பார். பிறகு மிச்சத்தில் பாதி. அதிலும் பாதி. “இப்படியே போனா சுவரைத் தொடுவேனா?”

“மாட்டீங்க ஐயா.”

“ஏன்?”

“மிச்சம் எப்பவும் கொஞ்சம் இருக்கும் ஐயா.”

அம்மாவுக்கும் வீட்டில் நடந்து காட்டினார். அவள் சிரித்தாளாம். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

ஜப்பான்காரன் வந்தான். தெங்கேராவுக்கு மீன் வாங்கப் போன அப்பாவை, சயாமில் ரயில் பாதை போடவென்று வழியிலேயே லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். அப்பா அலைந்து சேர்த்த ஒரு பானை அரிசி மட்டும் வீட்டில் இருந்தது. அவர் வந்ததும் வடிக்கலாம் என்று அம்மா மூடி வைத்தாள். அரிசிப் பானையைத் துடைத்துக் காலிபண்ணக் கூடாது என்பது நம் வீடுகளில் தெரிந்ததுதான். அம்மா அதற்கும் மேலே போனாள். பானையில் அரிசி இருக்கிறவரை அவர் உயிருக்கு ஒன்றும் வராது என்று மனசுக்குள் முடிந்துகொண்டாள்.

அப்போது நான் கைக்குழந்தை. கிழங்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போனது. கஞ்சி ஊற்றாவிட்டால் பிழைக்கமாட்டேன். அம்மா பானையில் பாதி எடுத்தாள். அது தீர்ந்ததும் மிச்சத்தில் பாதி. “பாதிதாங்க எடுக்கிறேன்” என்று பானைக்குள் சொல்வாளாம். பாவி மனுஷி, தூரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பாதியாக்கலாம். அரிசி அப்படியா? பிடியளவுக்கு வந்தபோது நான் கண் செருகிக் கிடந்தேன். அதில் பாதி எடுத்தால் கஞ்சி ஆகாது. வெளியே மழை. அம்மா பானையைக் கவிழ்த்தாள்.

சண்டை முடிந்து, அதே லாரியில் போன கலியாணசுந்தரம் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். “அக்கா, ஐயா போயிட்டாரு.”

“எந்த நாளு?”

“அங்க நாளு ஏதுக்கா? மழைக்காலம்.”

அவ்வளவுதான். பானையைக் கவிழ்த்த அந்த மழை நாள்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்குக் காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. “நடக்கிறாரு, நிக்கிறாரு, மறுபடி கொஞ்சம் நடக்கிறாரு. வாசலுக்கு மட்டும் வரமாட்டேங்கிறாருடி” என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். சில நாள் எனக்கும் கேட்டது.

நானும் கணக்கு டீச்சரானேன். ஒரு மாலை சதுரம் ஒன்று வரைந்து, பாதி, கால், அரைக்கால் என்று வண்ணம் தீட்டி அவளிடம் காட்டினேன். “நீ மிச்சத்தையே பார்த்துக்கிட்டு இருக்கே. எடுத்ததைக் கூட்டிப் பாரும்மா. கடைசிப் பிடியோட சேர்த்தா முழுசு. ஒண்ணும் வீணாகல, பானை மொத்தமும் எனக்குத்தான் வந்திருக்கு.” இதைக் கேட்டால் அவள் மனம் ஆறும் என்று நம்பினேன்.

அம்மா ஒவ்வொரு கட்டமாக விரலால் தடவிப் பார்த்தாள்.

“சரியாத்தான் இருக்கு,” என்றாள். “முழுசும் உனக்குன்னா, அவருக்கு நான் என்னடி வெச்சேன்?”

கணக்கில் தப்பு இல்லை. அம்மா எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள்.