வாள்வீரனுக்கு ஒரு தாய்மாமன்

போன முகூர்த்தத்தில் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்ததும் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தேன். வரிசைக்கு இருபத்திரண்டு நாற்காலி. மேலே மின்விசிறி ஆறு, ஓடுவது நாலு. என் இலைக்கு மட்டும் அப்பளம் வரவில்லை. யாரிடம் புகார் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து இலைக்காரப் பெண்மணி என்னையே கவனிப்பது தெரிந்தது. ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

"நீங்க தியேட்டரு மேனேஜரு சாருதான?"

ஆமாம் என்றேன்.

"அந்த மாமன் கடைசியில செத்தாரா சார்?"

வேறு யார் காதிலாவது விழுந்திருந்தால் துக்க விஷயம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ எந்த மாமன் என்று உடனே தெரிந்துவிட்டது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மண்டபம்தான் ஒரு காலத்தில் அந்தத் தியேட்டர்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தியேட்டரில் சிவப்பு ரெக்ஸின் நாற்காலிகள் நானூற்றுப் பன்னிரண்டு. உடைந்தவற்றைக் கழித்துத்தான் சொல்கிறேன். மாலைக் காட்சிக்கு உயிர் கொடுத்தவர்கள் பீங்கான் கம்பெனித் தொழிலாளர்கள். வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வந்துவிடுவார்கள். முகம்தான் கழுவியிருக்கும். சட்டையிலும் புடவையிலும் வெள்ளை மாவு அப்படியே இருக்கும், தொட்ட கையிலும் ஒட்டும். புதுப் பானையில் முதல் தண்ணீர் ஊற்றும்போது ஒரு வாசனை வருமே, அரங்கு முழுக்க அந்த வாசனைதான்.

படம் விட்டதும் நாற்காலி முதுகுகளில் வெள்ளைத் தடம் பதிந்திருக்கும். டிக்கெட் கட்டையைப் பார்ப்பதற்கு முன் நான் அந்தத் தடங்களை எண்ணிவிடுவேன். தடம் லேசாக இருந்தால் நல்ல படம். அழுத்தமாக இருந்தால் ஆள் நன்றாகச் சாய்ந்து தூங்கியிருக்கிறார், படம் தேறாது. பத்திரிகை விமர்சனத்தைவிட எனக்கு அந்த மாவின் மேல்தான் நம்பிக்கை.

அந்த வருஷம் தடங்கள் எல்லாம் அழுத்தமாகவே விழுந்துகொண்டிருந்தன. ஒருநாள் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். "மேனேஜரே, இந்தப் படமும் ஓடலன்னா கல்யாண மண்டபமா கட்டிடலாம்னு இருக்கேன். கல்யாணம் நல்லா இல்லன்னு எவனும் சீட்ட கிழிக்க மாட்டான் பாருங்க."

இந்தப் படம் என்று அவர் சொன்னது, இடைக்கால ஐரோப்பாவில் நடக்கும் ஒரு குதிரை வீரனின் கதை. உடம்பெல்லாம் இரும்பு, தலையில் இரும்பு, குதிரைக்கும் கொஞ்சம் இரும்பு. தமிழ் பேசும் படம் என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தோம். சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு அரங்கு நிறைந்துவிட்டது. விளக்கை அணைத்தோம். வீரன் வந்தான், வாயைத் திறந்தான், ஆங்கிலம் பேசினான். படச்சுருள் பெட்டி மாறி வந்திருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு ஒரு குரல், "யோவ், போஸ்டர்ல தமிழ் பேசுனவன் இங்க வந்ததும் ஏன்யா தொர ஆயிட்டான்?" தரையைக் காலால் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. முதலாளி என் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "நீங்கதான் பி.ஏ. ஆச்சே. மைக்க புடிங்க. இன்னைக்கு இவங்க எழுந்து போனா நாளைக்கு நீங்களும் நானும் பந்தக்கால்தான் நடணும்."

பி.ஏ. வாஸ்தவம்தான். ஆங்கிலத்தைப் படித்தால் புரியும். அந்தப் படத்தின் ஆங்கிலமோ நம்ம ஜங்ஷனில் நிற்காத ரயில் மாதிரி காதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆபரேட்டர் சத்தத்தைக் குறைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொடுங்கோல் மன்னனால் வஞ்சிக்கப்பட்ட மாவீரன் இவன்" என்று தொடங்கினேன்.

"சார், நியூஸு வாசிக்காதீங்க" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "அவன் யாரு? யாரு வூட்டுப் புள்ள? அத்த சொல்லுங்க மொதல்ல."

திரையில் வெள்ளைத் தாடி ராஜா ஒருவர் நின்றிருந்தார். என் வாயிலிருந்து தானாக வந்தது. "இவரு இவனுக்குத் தாய்மாமன். அக்கா புள்ளைய ஊர வுட்டு தொரத்திட்டாரு."

தட்டல் நின்றது. "ஏன் தொரத்துனாரு?"

"பொண்ணு குடுக்க மனசு வரல."

"அப்புறம்?"

அதற்குப் பிறகு எனக்கே தெரியாமல் கதை ஓடியது. கோட்டை மேல் நின்ற பெண் மாமன் மகள் ஆனாள். கறுப்புக் குதிரைக்காரன் நேற்று வந்த வெளியூர் மாப்பிள்ளை ஆனான். ஈட்டிச் சண்டையில்தான் சிக்கல். எல்லோரும் தலையில் இரும்பைக் கவிழ்த்திருந்தால் யார் யாரென்று எப்படிச் சொல்வது? ஒருவன் குதிரையிலிருந்து விழுந்தான். "போயிட்டான், நம்ம புள்ள போயிட்டான்" என்று நா தழுதழுக்கச் சொன்னேன். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். மறு நிமிஷம் இன்னொரு குதிரை மேல் இருந்தவன் இரும்பைக் கழற்றிச் சிரித்தான். அவன்தான் நம்ம பிள்ளை.

"சார், அவசரப்பட்டு கொல்லாதீங்க. நிதானமா பார்த்து சொல்லுங்க."

"எல்லாம் சட்டிய கவுத்துகிட்டா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. நான் எம்மாத்திரம்" என்றேன் மைக்கில். அரங்கு குலுங்கிச் சிரித்தது. அதன்பின் நான் எதைச் சொன்னாலும் நம்பினார்கள்.

படம் முடிந்து எல்லோரும் போனபின் முதலாளி டார்ச்சோடு உள்ளே வந்தார். முதல் வரிசையிலிருந்து கடைசிவரை அடித்துப் பார்த்தார். "இன்னா மேனேஜரே, ஒரு தடத்தையும் காணோம்? பாதியிலேயே எழுந்து போயிட்டாங்களா?"

நான் ஏற்கனவே எண்ணிவிட்டிருந்தேன். முதுகில் தடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாற்காலித் தலையிலும், பின்னால் இருந்தவர் எட்டிப் பிடித்த பத்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

"யாரும் போவலைங்க. ஒருத்தரும் சாயல, அவ்வளவுதான்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

நாலாம் நாள் சரியான தமிழ்ப் பெட்டி வந்தது. ஒரு காட்சி ஓட்டினோம். "இதுல அவரு வெறும் ராஜாவாமே. எவனோ ராஜாவுக்கு நாங்க ஏன் சார் அழுவணும்?" என்று சண்டைக்கு வந்தார்கள். தமிழ் பேசிய படத்தின் வாயை அடைத்துவிட்டு நான் மறுபடி மைக்கைப் பிடித்தேன். மூன்று வாரம் ஓடியது. பெண்ணாடத்திலிருந்து டிராக்டரில் வந்தார்கள். மண்டபப் பேச்சை முதலாளி பல வருஷம் எடுக்கவில்லை.

"அன்னைக்கு கம்மாபுரம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி சார்" என்றார் பக்கத்து இலைப் பெண்மணி. "மாமன் கத்திக்குத்துப் பட்டு விழுந்தாரு, நான் எழுந்து ஓடிட்டேன். மறுநாள் வந்து பாக்கலாம்னா, நிலக்கரி சுரங்கத்துக்கு வூட்ட எடுத்துட்டாங்க. சாமான கட்டிகிட்டு கெளம்பிட்டோம். அப்புறம் டிவியில அந்தப் படத்த ரெண்டு தடவ பார்த்தேன். அதுல மாமனே இல்ல."

இருக்காதுதான். அந்தப் பெண்மணியின் வீடு இருந்த இடம் இப்போது சுரங்கப் பள்ளம். திரை இருந்த இடத்தில் மணமேடை. சிவப்பு நாற்காலிகள் போய், ரிப்பன் கட்டிய வெள்ளை உறை போட்ட நாற்காலிகள் வந்துவிட்டன. யார் சாய்ந்தார், யார் சாயவில்லை என்று இனி எவராலும் எண்ண முடியாது. அந்த மாமனும் எந்தப் பெட்டியிலும் இல்லை. இந்த நான்கு சுவருக்குள் மூன்று வாரம் உயிரோடு இருந்தார்.

"சாகலம்மா, வெறும் மயக்கம்தான்" என்றேன். "அக்கா புள்ள மடியில கண்ண தொறந்தாரு. தொறந்ததும் ஒரு வார்த்த சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

பாயசம் வந்தது. அவர் கவனிக்கவில்லை. அவருடைய முதுகைப் பார்த்தேன். நாற்காலியில் படவில்லை.