நான் கொண்டுபோன சளி

போன புதன்கிழமை எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரு திட்டம் போட்டார்கள். ஸ்டோர்ஸில் வேலை செய்யும் கவிதாவுக்குக் கேன்சர். இரண்டாவது கீமோ முடிந்து வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, பன்னிரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

"யாரும் போகவேண்டாம்" என்றேன்.

"என்னா சார் இப்பிடிப் பேசறீங்க? கூட வேலை செஞ்ச பொண்ணு சார்!"

வேன் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கல்மனசுக்காரன் என்று பெயர் வாங்கியாயிற்று. கேன்டீனில் சொல்லமுடியாத காரணத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் நண்பன் நாகராஜ். ஜவளகிரிப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். மனைவி மஞ்சுளாவோடு மத்திகிரியில் வாடகைக்கு இருந்தான். விருதுநகரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய எனக்கு ஓசூரில் முதல் வீடு பார்த்துக் கொடுத்தவன். பதினெட்டு வருடம் ஒரே லைனில் வேலை பார்த்தோம்.

நான்கு வருடங்களுக்கு முன் அவனுக்கு நிணநீர்ச் சுரப்பியில் கேன்சர் வந்தது. பெங்களூரில் கீமோ. குணமாகிவிடும் என்று டாக்டர்கள் நம்பிக்கையாகச் சொன்னார்கள்.

இரண்டு கீமோ முடியும்வரை நான் போய்ப் பார்க்கவில்லை. ஆடிட், டிஸ்பாட்ச் என்று ஏதோ ஒன்று. "நாகராஜைப் பாத்தாச்சா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் மஞ்சுளாவுக்கு போன் செய்தேன்.

"ஒரு வாரம் கழிச்சு வாங்கண்ணா. இப்ப ரத்தத்துல வெள்ளை அணு ரொம்பக் கொறஞ்சிருக்குதாம். யாரும் வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

யாரும் என்றால்... நானுமா? நான் என்ன மூன்றாம் மனுஷனா?

அன்று எனக்கு லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இதெல்லாம் ஒரு வியாதியா? மாதுளையும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டேன். மாஸ்க் பாக்கெட்டில்தான் இருந்தது. நண்பன் முன்னால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார என்னவோ போல் இருந்தது. போடவில்லை.

நாகராஜ் தலைமுடியெல்லாம் கொட்டி, பாதியாக இளைத்திருந்தான். சிரிப்பு மட்டும் இளைக்கவில்லை.

"வாய்யா, பெரிய ஆபீசரு! முடிஞ்சுதா உன் ஆடிட்டு?"

கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் ஒரு தும்மல்... அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மஞ்சுளா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சளியா அண்ணா?"

"சேச்சே, பஸ்ல ஒரே தூசும்மா."

காபி வந்தது. குடித்தேன். ஒரு மணி நேரம் பேசினோம். கடமை முடிந்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

நான்காம் நாள் நாகராஜுக்குக் காய்ச்சல். ராத்திரிக்குள் ஐ.சி.யூ. சாதாரண சளி வைரஸ்தான், நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள்.

அங்கிருந்த டாக்டர் சேலத்துக்காரர். சின்ன வயதுப் பெண். பொறுமையாக விளக்கினார். வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. சில, கிருமியை விழுங்கிவிடும். சில, வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்கும். சில, ஒருமுறை வந்த கிருமியை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த முறை சீக்கிரமே மடக்கிவிடும். வேகமாகப் பெருகும் கேன்சர் செல்லைக் கொல்லத்தான் கீமோ. அதே வேகத்தில் பெருகும் மஜ்ஜை செல்லையும் அது சேர்த்தே அடித்துவிடுகிறது. "ஆயிரக்கணக்குல இருக்கவேண்டிய எடத்துல, இவருக்கு இப்ப நூறுகூட இல்ல சார்."

"யார்கிட்டேருந்து தொத்தியிருக்கும் டாக்டர்?"

"அதைச் சொல்லமுடியாது சார்."

இதில் என்ன கொடுமை தெரியுமா? என் சளி மூன்றே நாளில் போய்விட்டது. மாத்திரைகூடப் போடவில்லை. என் வெள்ளை அணுக்கள் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டன.

பதினோராம் நாள் நாகராஜ் போய்விட்டான்.

'சொல்லமுடியாது' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே நான்கு வருடம் ஓட்டிவிட்டேன். கேன்டீன் பேச்சுக்குப் பிறகு அதுவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜவளகிரிக்கு பஸ் ஏறினேன். மஞ்சுளா இப்போது மாமனார் வீட்டில் இருக்கிறாள். தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். வரப்பில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு தூசு இல்லம்மா. சளிதான். தெரிஞ்சேதான் வந்தேன். என்னை மன்னிச்சுடு."

அவள் திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். குனிந்து பழுத்த தக்காளி ஒன்றைப் பறித்துக் கூடையில் போட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியுண்ணா. உங்க கொரலே கட்டியிருந்துச்சு."

"அப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"எழுந்து போங்கன்னு எப்பிடிச் சொல்றது? அவுரும் அன்னிக்குத்தான் அவ்ளோ சிரிச்சாரு... சொல்லாம காபி போடப் போயிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு நாலு வருசமா நெனச்சுட்டே இருக்கறேன். நீங்கதாண்ணா என்னை மன்னிக்கோணும்."

மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். கைகூப்பி நின்றவள் அவள்.

நோயாளியைப் பார்க்கப் போவது யாருடைய நிம்மதிக்காக? அவருடையதா, நம்முடையதா? பழம் வாங்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மூக்கு ஒழுகுகிறதா? போன் போதும்.