கொடிக்கம்பத்தின் உயரம்

காலை பத்தே காலுக்குத்தான் எல்லாம் கோணத் தொடங்கியது. கணக்கு டீச்சர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி மைதானத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றி நிறுத்தி, "மேல ஏறாம இதோட உயரத்தைக் கண்டுபிடிங்க. எப்படின்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் கைகள் எழுந்தன.

"பதினைஞ்சு மீட்டர், மிஸ்!"

டீச்சரின் முகம் போன போக்கை முதல் மாடி வராந்தாவிலிருந்தே பார்த்தேன்.

பிரின்சிபாலோடு மூன்று பெற்றோர் அங்கே நின்றிருந்தோம். அடையாற்றில் இருக்கும் அந்தப் பள்ளியில் அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. டீச்சர் கேள்வியை மட்டும் கொடுப்பார். வழியைப் பிள்ளைகளே தேட வேண்டும். வாரத் தேர்வு கிடையாது. இதைப் பத்தாம் வகுப்பிலும் தொடர்வதா, பழையபடி கரும்பலகைக்கே திரும்புவதா என்று அன்று மதியத்துக்குள் முடிவு செய்யத்தான் எங்களை அழைத்திருந்தார்கள்.

எனக்கு அது வெறும் கமிட்டி வேலை இல்லை. என் மகள் அந்த வகுப்பில் படித்தாள். எட்டாம் வகுப்பு வரை திங்கட்கிழமை தேர்வென்றால் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்துவிடுவாள். மார்க் வரும், பேச்சு வராது. புதிய திட்டம் வந்த பிறகு, மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று சாப்பிடும்போது கேட்கத் தொடங்கியிருந்தாள். அவள் மறுபடி அந்தப் பழைய காலைகளுக்குத் திரும்பிவிடக் கூடாது. அதே சமயம், பொதுத்தேர்வை நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடந்த அப்பாவும் நான்தான்.

நடந்தது இதுதான். பரிசீலனை நாளன்று மைதானத்தில் கொடிக்கம்பத்தை அளக்கப் போவதாக டீச்சர் எல்லாப் பெற்றோருக்கும் முன்பே சொல்லியிருந்தார், பிள்ளைகளுக்குத் தொப்பி கொடுத்தனுப்ப வேண்டும் என்பதற்காக. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் தொப்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரியவர்கள் முன்னால் பிள்ளை பேந்தப் பேந்த விழித்தால் என்ன செய்வது என்பதே பேச்சு. ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல, தி.நகர் டியூஷன் சாரிடம் சொல்லிக் கொடிக்கம்பக் கணக்கைப் போட்டுப் பழக்கிவிட்டார்கள். பையனின் உயரம் ஒன்றரை மீட்டர், அவன் நிழல் இரண்டு, கம்பத்தின் நிழல் இருபது, விடை பதினைந்து. நானும் அனுப்பத்தான் பார்த்தேன். "கண்டுபிடிக்கச் சொன்னதை முன்னாடியே கேட்டுட்டுப் போனா, அப்புறம் எதைப்பா கண்டுபிடிக்கறது?" என்று மகள் மறுத்துவிட்டாள்.

என் பக்கத்தில் நின்றவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "பாத்தியளா சார், நம்ம பயலுவ டக்குனு சொல்லிட்டானுவ!" என்று என் தோளைத் தட்டினார்.

மூன்றாவது ஆள், மயிலாப்பூரில் பாட்டு சொல்லித்தரும் ஓர் அம்மாள். கைப்பிடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்தார். "அதோ மூணு பொண்கள் தரையில உக்காந்துண்டு என்ன பண்றா? ஒண்ணுமே புரியலையோ, பாவம்."

அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. நிழலின் நுனியில் டேப்பை வைப்பாள், எழுந்து கம்பத்தைப் பார்ப்பாள், அதற்குள் நிழல் நகர்ந்திருக்கும், மறுபடி உட்காருவாள். மற்றவர்கள் எல்லாம் மரத்தடிக்குப் போய் அரட்டையில் இறங்கிவிட்டார்கள்.

பிரின்சிபாலின் அறையில் காப்பி வந்தது. ஜவுளிக்கடைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "உள்ளதைச் சொல்லுதேன், கோவிச்சுக்காதிய மேடம். டியூஷன் போன புள்ளைய சொல்லிட்டு. போகாததுவ வெயில்ல கெடக்கு. அப்ப பள்ளிக்கூடத்துல என்னத்தச் சொல்லிக்குடுக்கிய?"

பிரின்சிபால் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் நான் பேசினேன். "வெயில்ல உக்காந்திருக்கறது என் பொண்ணு. ஒரு கேள்வியை விடாம பிடிச்சுக்கிட்டு உக்காரத் தெரிஞ்ச பிள்ளை எந்தப் பரீட்சையையும் சமாளிக்கும், சார்."

"போர்டு எக்ஸாம்ல ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம் உக்கார விடமாட்டாளே?" என்றார் பாட்டு அம்மாள், கிண்டலே இல்லாமல்.

பழைய முறைக்குத் திரும்பலாம் என்பவர்கள் கையைத் தூக்கும்படி பிரின்சிபால் சொன்னார். ஜவுளிக்கடைக்காரரின் கை உயர்ந்தது. பாட்டு அம்மாளின் கை மடியிலிருந்து பாதி தூரம் எழும்பியது. அப்போது கதவு திறந்தது.

என் மகள். முகமெல்லாம் வெயில், சுடிதார் முழுக்க மண், பின்னால் டீச்சர். அவள் பேசிவிட்டுப் போன பிறகு தூக்கிய கைகள் இறங்கின. திட்டம் பத்தாம் வகுப்புக்கும் வந்தது. அவள் இப்போது அதில்தான் படிக்கிறாள். அந்தப் பாதிக் கை முழுதாக உயர்ந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். ஆனால் எடுத்தது சரியான முடிவு; யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன்.

அன்று அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பிரின்சிபாலைப் பார்த்துச் சொன்னாள்:

"லேட்டாயிடுச்சு, சாரி மேடம். நிழல் நகர்ந்துகிட்டே இருந்துது, அதனால ரெண்டு தரம் அளந்தோம். கம்பம் ஆறரை மீட்டர்தான். பதினைஞ்சுன்னா அஞ்சு மாடி உசரம். நீங்கல்லாம் முதல் மாடியிலதானே நின்னீங்க? கம்பத்தோட உச்சி உங்க தலைக்குக் கொஞ்சம் மேலதானே இருந்துது?"