தோத்திரம் சொன்ன வாய்

என் அம்மா எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். மாட்டுப்பட்டிக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ரோடு கேட்டு நாங்கள் நடையாய் நடந்தபோது ஒரு ஆபீசரும் எட்டிப் பார்த்ததில்லை.

தம்பிக்கு சர்க்கார் வேலை கிடைத்திருந்தது. எங்கள் சாதிக்கு ஒதுக்கிய இடம். அந்த ஒதுக்கீடு இந்துவுக்கு உண்டு, சீக்கியருக்கு உண்டு, பௌத்தருக்கும் உண்டு, கிறிஸ்தவராகிவிட்டால் கிடையாது. இது குடும்பத்தோடு வேதத்துக்குப் போனவர்கள் வீடு என்று யாரோ ஒரு புண்ணியவான் போட்டுக்கொடுத்துவிட்டான். தம்பி திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறவன். நான் மாரியாத்தாவுக்கு விரதம் இருக்கிறவள். அம்மா மட்டும்தான், அப்பா செத்த வருஷத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமையானால் முக்காடு போட்டுக்கொண்டு மேட்டுச் சேப்பலுக்குப் போய்வந்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி முதுகு வளைந்தவளை அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்களாம். வேறு காரணம் எதுவும் அவள் சொன்னதில்லை.

நான் அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் சமைக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அவர்கள் வாயைக் கிளறுவது என் வழக்கம். விசாரணை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: உங்கள் ஊரில் சர்க்கார் சாமி விஷயத்தில் மூக்கை நுழைக்குமா? ஜெர்மனிக்காரி ஒருத்தி ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள், அவள் ஊரில் சர்ச்சில் பேர் இருந்தால் சம்பளத்திலேயே வரி பிடித்துவிடுவார்களாம். வேண்டாமென்றால் ஆபீசுக்குப் போய் எழுதிக்கொடுத்து விலக வேண்டுமாம். இங்கிலாந்துப் பெரியவர், எங்கள் ராஜாதான் சர்ச்சுக்கும் தலைவர், ஆனால் சர்ச்சில்தான் ஆள் இல்லை என்று சிரித்தார். பிரான்சுக்காரன் எங்கள் சர்க்காருக்கு மதமே கிடையாது என்று மார் தட்டினான். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளை தலையில் துணி போட்டால் மட்டும் கழற்றச் சொல்வார்களாம். என் வீட்டுக்காரர் சவுதியில் லாரி ஓட்டிய காலத்தில் பழனி முருகனைப் போனுக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஆக, எல்லா நாட்டிலும் சாமியை எங்காவது கட்டித்தான் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் வாயில் கட்டவேண்டி வந்தது.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி இயேசு படத்தைக் கழற்றி அரிசிச் சாக்குக்கு அடியில் வைத்தான். பைபிளை என் பையில் திணித்தான். அப்புறம் அம்மாவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினான்.

“எந்தக் கோயிலுக்குப் போறன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“மாரியாத்தா கோயிலு.”

“சேப்பலுக்கு?”

“அது எங்க இருக்குன்னே தெரியாது.”

“தலையத் தொங்கப் போடாம சொல்லும்மா. எம் பொழப்பே இதுலதான் இருக்கு.”

அவள் நிமிர்ந்து மறுபடி சொன்னாள். பெற்ற பிள்ளைக்காக ஒரு பொய், அவ்வளவுதானே என்று என்னிடமும் சொன்னாள்.

ஆபீசரின் ஜீப்பில், கண்ணாடிக்குக் கீழே ஒரு சிலுவை ஆடிக்கொண்டிருந்தது. அவரும் கிறிஸ்தவர்தான், மலைக்குக் கீழே நிலபுலன் உள்ள பழைய குடும்பம், ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவரில்லை. அவருடைய சாமி அவர் வேலையில் கை வைக்கவில்லை.

“அம்மச்சி ஏது கோயிலுக்குப் போகும்?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“மாரியாத்தா கோயிலுக்குத்தான் ஐயா.”

“சர்ச்சுக்குப் போகாறில்லையோ?”

“அது எங்க இருக்குன்னே தெரியாது ஐயா.”

அவர் தலையாட்டிவிட்டுக் கட்டன் சாயாவைக் குடித்து முடித்தார். தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “செரி அம்மச்சி, வரட்டே” என்றார் ஆபீசர். அம்மா எழுந்து நின்று கை கூப்பினாள்.

“தோத்திரம் ஐயா” என்றாள்.

சேப்பலில் பெரியவர்களை வழியனுப்பும்போது சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. கோயிலுக்குப் போகிறவர்கள் யாரும் ஒருவரை அப்படிச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். மரியாதை தவறக்கூடாதே என்று நினைத்த இடத்தில் அது தானாக வந்துவிட்டது. ஆபீசரும் பழக்கத்தில் “ஸ்தோத்ரம்” என்று பதில் சொன்னார். பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

வேலை நின்றுபோனது. தம்பி அப்பீல் போட்டான். ஒரு வார்த்தையை அடக்கத் தெரியாத வாய்க்குச் சோறு ஒரு கேடா என்று அம்மா சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டான். அவள் சேப்பலுக்குப் போவதை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது டிவியைச் சத்தமாக வைத்தான். செவ்வாய்க்கிழமை அவளை மாரியாத்தா கோயிலுக்கு இழுத்துப்போய் நிறுத்தி போட்டோ எடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். கண்ணைத் திற, மூஞ்சி தெரியணும் என்று அதட்டினான். அவனை அறையலாம் போலிருந்தது எனக்கு. ஆனால் லயத்தில் பிறந்தவனுக்குக் கொழுந்து மூட்டை சுமக்காமல் தப்பிக்க அந்த ஒரு வழிதான் திறந்திருந்தது.

மழை பிடித்த மாதம் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி எழுந்திருக்க முடியாமல் போனது. ஒருநாள் என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, நான் போனா சேப்பல் பொம்பளைங்கள ஒரே ஒரு பாட்டு பாடச் சொல்லுவியா? இயேசுவத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்லா. பாட்டக் கேட்டாலாவது என்ன யாருன்னு அவருக்கு வெளங்கும்.”

“சொல்லுதேன்” என்றேன்.

இரண்டு நாளில் போய்விட்டாள். தம்பி முடிவாகச் சொன்னான்: “அப்பீல் முடியிற வரைக்கும் அம்மா இந்துதான். சாவு போட்டோவும் வேணும்னு வக்கீல் சொல்லிருக்காரு.” சங்கு ஊதினார்கள், சேகண்டி அடித்தார்கள், நெய்ப்பந்தம் பிடித்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று போட்டோக்காரர் சொன்னதும், போட்ட வாய்க்கரிசியை மறுபடி போடச் சொன்னான் தம்பி. செத்தவளையும் அவன் விடவில்லை.

சேப்பல் பெண்கள் வாசலுக்கு வராமல் பாதையோரம் நின்றார்கள். நான் அவர்களிடம் போனேன்.

“ஒரு பாட்டு. மெதுவாப் பாடினாப் போதும்.”

அவர்கள் கேமராவைப் பார்த்தார்கள். “எம் மக நர்சிங் படிக்கா அக்கா. இதே சர்ட்டிபிகேட்லதான்” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தியின் மகன் பரீட்சை எழுதிக் காத்திருந்தான். காகிதத்தில் அவர்கள் எல்லோருமே இந்துக்கள். “மனசுக்குள்ள பாடுதோம்க்கா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அம்மாவைத் தூக்கினார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, சர்க்கார் வேலை இல்லை, எவனுக்கும் பயப்பட வேண்டியதில்லை. நானே பாடிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தேன். அத்தனை வருஷம் அடுப்படியில் அம்மா முணுமுணுத்த பாட்டில் ஒரு வரிகூட எனக்கு வரவில்லை.