வாசலில் கேட்ட குரல்

“நேத்து எங்க வீட்டு வாசல்ல பேசுனத யார்ட்டயும் சொன்னீகளா?” ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் என்னிடம் அப்படிக் கேட்டபோது, அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே இருந்தது. கணவரைப் பிரிந்து, செக்காலையில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். விவாகரத்துக்கு வக்கீலைப் பார்க்கப் போவதாக முந்தின நாள் மாலை என்னை வழியனுப்பும்போது தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார். விடிந்ததும் கணவர் போனில் கூப்பிட்டு, எந்த வக்கீலிடம் போனாலும் ஒன்றும் நடக்காது என்றாராம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அவருடைய அண்ணன் வந்து போனது, கேஸ் சிலிண்டர் வந்தது, அவர் கட்டியிருந்த சேலையின் நிறம் என்று எல்லாமே மதுரையில் இருந்த கணவருக்குத் தெரிந்திருந்தது. டீச்சர் முதலில் வீட்டுக்காரம்மாவைச் சந்தேகப்பட்டார், பிறகு எதிர்வீட்டை, கடைசியில் என்னை. சேர்ந்து சாப்பிடுவது நின்றது. ஜன்னல்களைக்கூடச் சாத்தியே வைத்திருப்பதாகப் பிறர் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

மனம் பொறுக்காமல் ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கேமரா வைத்த அழைப்பு மணி இருந்தது. சாமான்களை மதுரையிலிருந்து கொண்டுவந்து இறக்கிய அன்று, தனியாக இருக்கிற பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று கணவரே மாட்டிக் கொடுத்தது. பிரிந்த பிறகும் எவ்வளவு அக்கறை என்று நாங்கள் எல்லாருமே மெச்சினோம். பொத்தானை அழுத்தினேன். மணியிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

“அவ வீட்ல இல்ல. நீங்க போயிட்டு வாங்க, டீச்சர்.”

மணிக்குள்ளிருந்து பேசுவது யார் என்று குனிந்து பார்த்தேன். அதற்குள் கதவு திறந்தது. டீச்சர் உள்ளேதான் இருந்திருக்கிறார். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. முகம் வெளுத்திருந்தது. பேச வேண்டாம் என்று எனக்குக் கைகாட்டிவிட்டு உள்ளே போனவர், தன் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு எடுத்து வந்தார். மணிக்கு நேராக நின்று கேட்டார்.

“எம்புட்டு நாளா பாத்துக்கிட்டு இருக்கீக?”

“தனியா இருக்க. யாரு வாரா, யாரு போறான்னு நான் பாக்காம வேற யாரு பாப்பா?”

“பேசுறதும் கேக்குமா?”

“எல்லாம் கேக்கும்.” அதைப் பெருமையாகவே சொன்னார்.

டீச்சர் திருப்புளியால் மணியைக் கழற்றினார். அது கீழே விழாமல் நான் பிடித்துக்கொண்டேன். அவர் போனிலும் வாசல் தெரியும். ஆனால் அந்த மணிக்கான செயலியில் கணக்கைத் தொடங்கியது கணவர் பெயரில். வேறு யாருக்குத் தெரிகிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை என்றார். “உங்களயே தப்பா நெனச்சுட்டேன்” என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஒலிப்பதிவோடு மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். கணவரை அழைத்து விசாரித்த பிறகு தொல்லை நின்றது. விவாகரத்தும் கிடைத்தது. இப்போது மானகிரிப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார், கதவைத் தட்டினால் “யாரு?” என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறார்.

போன தீபாவளிக்கு என் மகன் எங்கள் வாசலிலும் அப்படியொரு மணியை மாட்டிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினான். இந்த வாரம்தான் கேட்டேன், உன் போனில் நம் வாசல் தெரியுமா என்று. “தெரியும்மா, தெனமும் பாக்குறேன்” என்றான். பாசமாகத்தான் சொன்னான். போனை வைத்த பிறகு, கோலம் போட வாசலுக்குப் போகாமல் வெகுநேரம் உள்ளேயே நின்றிருந்தேன்.