தேசிங்கு அவர்கள் நீட்டிய கை

தேசிங்கு அவர்கள் காலமான செய்தி வந்தபோது நான் டோல்கேட்டில் சலீமின் சைக்கிள் கடையில் நின்று பிரேக் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் போட்டி. சலீம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அக்கா, தேசிங்கண்ணா பூட்டாராம். காலைல டீ குட்ச்சிகினு இருந்தாராம், அப்டியே நெஞ்சப் புட்ச்சிகினு சாஞ்சிட்டாராம்" என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கா?" என்பது. சாவதற்குக்கூட மனிதர் என் போட்டிக்கு முந்தின நாளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. அழுகை வந்தது என்று எழுதினால் அது பொய்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சிறு நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். நீதான் அவரோடு ஓடினவள், நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று அவருடைய மைத்துனர் கேட்டார். நாலு வார்த்தைக்கு நல்லது தேறுமா என்று யோசித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். எண்ணூர் முகத்துவாரத்துக்குத் திரும்பும் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் அவர் கூலிங் கிளாஸ் போட்டு நிற்க, தலைக்கு மேல் 'சாகச மாவீரர்' என்று எழுதியிருக்கிறது. மாவீரரை ஃபிளெக்ஸ் அடித்தவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேசிங்கு அவர்கள் முகத்துவாரத்துக் குப்பத்தில் பிறந்தவர். கொஞ்ச காலம் கடலுக்குப் போனார். பிறகு துறைமுகத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னர் இறங்கும்போது கீழே நின்று கிரேன்காரருக்குக் கை காட்டும் வேலை பார்த்தார். தூக்கு, இறக்கு, திருப்பு, நிறுத்து, எல்லாம் கையால்தான். நாள் முழுக்க அடுத்தவரை வேலை வாங்கிப் பழகிய அந்தக் கைகளை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார், தெருவுக்கும் கொண்டுவந்தார். நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்குகிறோம் என்றால் மூவர்தான் தூக்குவோம். அவர் எதிரே நின்று கை காட்டுவார்.

எங்கள் அலுவலகம் துறைமுகத்துக்கு எதிரே நாலாவது மாடியில் இருக்கிறது. சரக்கு இறக்குவதற்கான ஆவணங்களைத் தயாரிக்கும் ஏஜென்சி. லிஃப்ட் பழுதாகிக் கிடந்த ஒரு நாள், நான் இரண்டு கை நிறையக் கோப்புகளோடு மூச்சு வாங்காமல் படியேறியதைக் கேட் பாஸ் வாங்க வந்த தேசிங்கு அவர்கள் பார்த்திருக்கிறார். நேரே என் மேசைக்கு வந்தார்.

"யம்மா, ரேசு ஒண்ணு கீது. ஓடணும், சைக்கிள் வுடணும், படகு தள்ளணும், கடைசில கயித்துல ஏறணும். டீமுக்கு நாலு பேரு. நாலுல ஒரு பொம்பள இருந்தே ஆவணும்னு ரூலு. அத்தொட்டுதான் உன்ன கேக்கறேன். இல்லாங்காட்டி கேக்க மாட்டேன்."

இவ்வளவு மரியாதையான அழைப்பு என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. ஆனாலும் சரி என்றேன். காரணம் அற்பமானதுதான். போட்டியை முடித்தவர்களின் பெயர்களைப் பெரிய பலகையில் பட்டியலாகப் போடுவார்கள் என்றார். நாற்பத்திரண்டு வயதுவரை என் பெயர் வந்த பட்டியல்கள் ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும்தான். இராயபுரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனியாக நிற்கும் பிலோமினா என்கிற ஒருத்தி, தன் காலால் எதையாவது முடித்தாள் என்று எங்காவது எழுதப்பட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

டீமுக்குச் சலீமும் அவன் தம்பியும் வந்தார்கள். தேசிங்கு அவர்கள் தம்மைத் தாமே கேப்டனாக நியமித்துக்கொண்டார். முதல் மாதம் நாங்கள் ஓட, அவர் மொபெட்டில் பின்னால் வந்தார். கேட்டால் "பிளானிங்" என்பார். இரண்டாம் மாதம் இறங்கி ஓடியே தீர வேண்டும் என்று நான் சண்டை போட்டதும் ஒப்புக்கொண்டார். டோல்கேட்டிலிருந்து எண்ணூர்வரை கடற்கரைச் சாலையில் ஓட்டம். முதல் பத்து நிமிடத்திலேயே காணாமல் போனார். நாங்கள் லாரிப் புகையை விழுங்கி, நாக்குத் தள்ள எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே ஒரு தள்ளுவண்டியில் நாலாவது இட்லியை முடித்துக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார்!

"வழி எப்டி கீதுன்னு பாத்துகினு வந்தேன். கேப்டன்னா முன்னாடி போயி பாக்க வாணா?"

இவர்தான் மாவீரர்.

மீஞ்சூர்வரை சைக்கிள் மிதிக்கும் நாட்களில் கன்டெய்னர் லாரிகள் எங்களை ஓரங்கட்டும். அங்கே மட்டும் அவருடைய கை வேலை செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி, வலது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து நிற்பார். அது கிரேனுக்கு 'நிறுத்து'. துறைமுகத்துக்கு வந்து போகும் டிரைவர்களுக்கு அது தெரியும். அத்தனை பெரிய லாரி பெருமூச்சு விட்டு நிற்கும், நாங்கள் கடப்போம். அன்றைக்கு முழுக்க அதையே பேசிக் கழுத்தை அறுப்பார். "கைய நீட்டறது பெர்சில்லமா. எறக்காம நிக்கறதுதான் வேல. மேல கீறவன் பாத்து நிறுத்தற வரைக்கும் எறக்கக் கூடாது. நடுவுல எறக்கினா சிக்னல் பூடும், ஆளு பூடுவான்." டீக்கடையில் இதை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டுக்கேட்டு எனக்கு அந்தக் கையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கயாக் என்கிற ஒடுங்கலான பிளாஸ்டிக் படகைத் தண்ணீரில் இறக்கிய நாளும் மறக்கக்கூடியதல்ல. எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்த பையனைத் தேசிங்கு அவர்கள் பேசவே விடவில்லை. "நாங்க பொறந்ததே தண்ணிலதான். இந்தத் தொட்டிய எனக்கு நீ சொல்லித் தரியா?" என்று ஏறினார். ஏறிய வேகத்தில் பழக்கதோஷம், கட்டுமரத்தில் நிற்பதுபோல் அலையைப் பார்க்க எழுந்து நின்றார். கயாக்கில் எழுந்து நிற்கக் கூடாது என்பது ஒன்றும் தெரியாத எனக்குக்கூடத் தெரியும். தொப்பென்று கவிழ்ந்தார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த குப்பத்து ஆட்கள் சிரித்த சிரிப்பு முகத்துவாரம் முழுக்கக் கேட்டது. மறுபடி ஏறினார், மறுபடி நின்றார், மறுபடி விழுந்தார். மூன்று தடவை. நானும் வஞ்சகமில்லாமல் சிரித்தேன்.

இப்படியே ஐந்து மாதம் ஓடியது. போன வருடப் போட்டி நாள் வந்தது.

போட்டி நடத்துகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கே எங்கிருந்தோ வருடத்துக்கு ஒரு நாள் வந்து, எங்கள் ஊரை எங்களுக்கே அறிமுகம் செய்துவைத்து, மேலே டிரோன் பறக்கவிட்டு, சாயங்காலம் வாழைப்பழத் தோலை எங்களுக்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள். போகட்டும். அன்றைக்கு நாங்கள் நன்றாக ஓடினோம். தேசிங்கு அவர்களும் ஆட்டோ எதிலும் ஏறாமல் ஓடினார். சைக்கிளையும் முடித்து முகத்துவாரத்துக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் ஐந்து டீம்தான். என் கண்ணுக்குப் பலகையும் அதில் என் பெயரும் தெரியத் தொடங்கிவிட்டன.

அவர் கரையைப் பார்த்தார். குப்பத்துப் படகுகள் எல்லாம் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. வலைக்காரர் ஒருவரும் இல்லை. ஒரு கிழவரிடம் விசாரித்துவிட்டு வந்தார். "கோபாலு பூட்டான். விடியகாலம்."

அவர்கள் குப்பத்தில் யாராவது இறந்தால், அடக்கம் முடியும்வரை எவரும் தண்ணீரில் படகு இறக்குவதில்லை. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் கோபால் யார் என்பதும் எங்களுக்குத் தெரியும். இவருடைய வலையை அறுத்துவிட்டவர். பெற்ற தாயைத் தெருவில் நிறுத்தியவர். ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. கோபால் பெயரைக் கேட்டால் தேசிங்கு அவர்கள் காறித் துப்பிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்.

சலீம் கயாக்கை இழுக்க, அவர் எதிரே போய் நின்று வலது கையை நீட்டினார். உள்ளங்கை கீழே.

"ண்ணா, இது ரேசு. தொழிலு இல்ல" என்றேன்.

"தண்ணிக்கு இன்னா தெரியும், ரேசா தொழிலான்னு?"

"அந்த ஆளுக்காகவா? உங்க வலைய அறுத்தவனுக்காகவா?"

"ஆளு யாருன்னு பாத்து நிக்கறதுன்னா ஒருத்தனுக்கும் நிக்க முடியாதும்மா. நாளிக்கி எனக்கும் எவனும் நிக்க மாட்டான்."

எங்களுக்குப் பின்னால் வந்த டீம்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. ஒரு பகுதியைத் தவறவிட்ட டீமுக்குப் பட்டியலில் இடம் கிடையாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "சைக்கிள் மிதிச்சதுலியே உங்களுக்கு மூச்சு பூட்ச்சி. தொட்டி கவுந்தா மானம் போயிடும்னு பயம். அதுக்கு ஒரு சாவ சாக்கு வச்சிகினு நிக்கறீங்க." அவர் கையை இறக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சந்தேகம் எனக்கு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. கேட் பாஸுக்கு வந்தால் அடுத்த மேசைக்கு அனுப்பினேன். இந்த வருடம் அவர் இடத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டோம். இதயத் துடிப்பைச் சொல்லும் கைக்கடிகாரம் கட்டியவர், ஷேர் ஆட்டோவில் ஏறாதவர். ஐந்து மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தோம்.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து மகள் வர வேண்டும், ஞாயிறு பிற்பகல் அடக்கம் என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தேசிங்கு அவர்கள் முதல் தடவையாகக் கையைச் சும்மா வைத்திருந்தார். அவர் மனைவி வள்ளி அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உன்ன பத்தி சொல்லிகினே இருப்பாரு" என்றார்.

நல்லதாக ஏதோ வரப்போகிறது என்று நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாரானேன்.

"'அந்த ஆபீசு பொம்பளக்கி காலு கீது, மண்டதான் இல்ல'ன்னுவாரு. நாளிக்கி ரேசாமே? நீ போ. உன்ன இங்க யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

வழியெல்லாம் எனக்கு வெறுப்பு குறையவே இல்லை. மனிதர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை விட்டுப்போகவில்லை. நானும் அவருக்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் தூங்கினேன்.

ஞாயிறு நன்றாக ஓடினோம். சைக்கிளை முடித்து முகத்துவாரத்துக்கு வந்தபோது நான்காவது இடம். படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. குப்பத்துக்குள்ளிருந்து மேளச் சத்தம் கேட்டது. புதியவரும் சலீமின் தம்பியும் முதல் கயாக்கைத் தண்ணீர்வரை இழுத்துப் போய்விட்டார்கள். சலீம் இரண்டாவது கயாக்கில் உட்கார்ந்து துடுப்பை எடுத்துவிட்டு எனக்காகத் திரும்பிப் பார்த்தான். நான் ஏறத்தான் போனேன். கால் முழங்கால்வரை தண்ணீரில் இருந்தது.

என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. திடீரென்று அவரை எனக்குப் பிடித்துப்போய்விடவில்லை. அவர் சோம்பேறி, வாயாடி, பெண்களை மதிக்கத் தெரியாதவர் என்ற என் எண்ணத்தில் அன்றும் மாற்றமில்லை, இன்றும் இல்லை. ஆனால் பிடித்தவர்களுக்கு மட்டும் நிற்பதென்றால் அதற்குப் பெயர் நிற்பதா? நான் கரைக்குத் திரும்பி, வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினேன். உள்ளங்கை கீழே.

"பைத்தியமா உங்களுக்கு? செத்தது யாரு, உங்க சொந்தமா?" என்று புதியவர் கத்தினார். அவர் முகத்தில் இருந்த அருவருப்பை எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் அதே இடத்தில் அது என் முகத்தில் இருந்தது. அவருடைய ஐந்து மாத உழைப்பை நான் பாழாக்கினேன். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பின்னால் வந்த டீம்கள் என்னைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கின. தலைக்கு மேல் டிரோன் ஒன்று வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. தோள் வலித்தது. இவ்வளவு வலிக்கும் என்று அந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை. சலீம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துடுப்பை மடியில் வைத்துவிட்டு மெதுவாக இறங்கி, கயாக்கை மணலுக்கு இழுத்தான். அவன் தம்பியும் கரையேறினான்.

பிற்பகலில் போட்டிச் சட்டையோடும் சைக்கிள் டவுசரோடும் நாங்கள் மூவரும் உங்கள் பின்னால் நடந்தோம், தேசிங்கு அவர்களே. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். பலகையில் இரண்டாவது வருடமாக என் பெயர் இல்லை. அதற்கு இரண்டு வருடமும் நீங்கள்தான் காரணம் என்பதை இந்த மலரில் பதிவு செய்கிறேன். உங்களை நல்லவர் என்று எழுத என்னால் முடியவில்லை. உங்களுக்காக நின்றேன் என்று மட்டும் எழுத முடிகிறது.

போய் வாருங்கள். நான் கையை இறக்கிவிட்டேன். சலீம் பார்த்து நிறுத்திய பிறகுதான் இறக்கினேன்.